தண்ணீர் தேங்கும் இடத்தில் குளிரும் தேங்கும்

தாம்பரத்தில் இருந்து ஊட்டிக்குச் சுற்றுலா போகிறவர்கள் திரும்பி வரும்போது கையில் மூன்று சாமான்கள் கட்டாயம் இருக்கும். ஊட்டி வர்க்கி, யூகலிப்டஸ் தைலம், பிளாஸ்டிக் பையில் ஒரு செடி. வர்க்கி இரண்டு நாளில் தீர்ந்துவிடும். தைலம் அலமாரியில் வருஷக்கணக்காக இருக்கும். செடி மட்டும் அடுத்த மே மாதத்தைத் தாண்டினால் அதிசயம்!

மேற்குத் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் ஒரு வீட்டில் இப்படி மூன்று செடிகள் செத்துப் போயின. மூன்றும் ஒரே ஜாதி. கேமெலியா.

அந்த வீட்டுப் பெரியவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குச் செடி கொடியில் பெரிய ஈடுபாடு எல்லாம் கிடையாது. ஆசை அவர் மனைவிக்குத்தான். அந்த அம்மா பிறந்து வளர்ந்தது குன்னூரில். பள்ளிக்கூடம் விட்டதும் சிம்ஸ் பூங்காவில் போய் விளையாடின பெண். 1874இல் ஆரம்பித்த பூங்கா அது. மலைச்சரிவின் பள்ளத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் இரண்டு பக்கமும் மரங்களை நட்டு உண்டாக்கியது. அங்கே மக்னோலியா, மரப்பெரணி எல்லாவற்றோடும் கேமெலியாவும் உண்டு. பளபளவென்று தடித்த இலை, ரோஜாவைப் போல அடுக்கடுக்காக இதழ். ஆனால் முள் கிடையாது. கல்யாணம் ஆகி சமவெளிக்கு வந்து நாற்பது வருஷம் ஆன பிறகும் அந்தப் பூவை அவர் மறக்கவில்லை.

இந்தச் செடியை நமக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். தினமும் காலையில் அதன் உடன்பிறப்பைத்தான் குடிக்கிறோம். தேயிலையின் தாவரவியல் பெயர் கேமெலியா சைனென்சிஸ். பூவுக்காக வளர்ப்பது பெரும்பாலும் கேமெலியா ஜப்பானிக்கா. இரண்டும் ஒரே பேரினம்.

பெயரிலும் ஒரு மதராஸ் வாசனை இருக்கிறது. ஜார்ஜ் ஜோசப் கமேல் என்ற இயேசு சபைத் துறவி (1661 - 1706) மணிலாவில் இருந்துகொண்டு பிலிப்பைன்ஸ் தீவுகளின் செடிகளைப் பற்றி எழுதினார். அவர் ஐரோப்பாவோடு தொடர்பு வைத்துக்கொள்ள உதவியவர்களில் ஒருவர், நம்ம ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்த சாமுவேல் பிரௌன். கமேலின் நினைவாகப் பின்னால் லின்னேயஸ் இந்தச் செடிக்குக் கேமெலியா என்று பெயர் வைத்தார். பெயர் அந்தக் காலத்திலேயே மதராஸோடு உறவு வைத்துக்கொண்டது, செடிதான் மதராஸ் பக்கம் பிழைக்க மாட்டேன் என்கிறது!

சரி, விஷயத்துக்கு வருவோம். மூன்று செடிகளும் ஏன் செத்தன?

முதல் செடி மொட்டை மாடியில், நேர் வெயிலில் வைக்கப்பட்டது. மே மாதம் முடிவதற்குள் இலைகள் எல்லாம் அப்பளம் மாதிரி ஆகிவிட்டன. 2003 மே மாதம் சென்னையில் 45 டிகிரி வரை போயிருக்கிறது. அவ்வளவு போக வேண்டும் என்பதில்லை, வழக்கமான அக்னி நட்சத்திரமே கேமெலியாவுக்கு அதிகம். இது காடுகளில் பெரிய மரங்களின் அடியில், வடிகட்டின வெளிச்சத்தில் வளர்கிற செடி.

இரண்டாவது செடியை ஜாக்கிரதையாகக் கொல்லைப்புறம் நிழலில் வைத்தார்கள். வெயிலைத் தாண்டிவிட்டது. ஆனால் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. காரணம் தண்ணீர். போர்வெல் தண்ணீரில் குக்கரின் அடியில் வெள்ளையாக உப்புப் படிகிறதே, அதே தண்ணீர்தான் செடிக்கும். கேமெலியாவுக்கு அமிலத் தன்மையுள்ள மண் வேண்டும். பி.எச். 5.5இல் இருந்து 6.5 வரை இருந்தால் நல்லது. கடின நீரை ஊற்ற ஊற்ற மண்ணின் அமிலம் குறைகிறது. மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் எடுத்துக்கொள்ள முடிவதில்லை. பக்கத்திலேயே சாப்பாடு வைத்துவிட்டு வாயைக் கட்டினது போலத்தான்.

மூன்றாவது செடியைக் கொன்றது 2015 டிசம்பர் வெள்ளம்.

அந்த வெள்ளத்தைப் பற்றித் தாம்பரத்துக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. மழை. அடையாற்றில் போக வேண்டிய தண்ணீர் முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் போனது. படகில் ஆட்களை ஏற்றினார்கள். பெரியவர் வீட்டில் தரைத்தளம் மூழ்கி, ஃபிரிட்ஜ் மிதந்தது. தண்ணீர் வடிந்த பிறகு சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா தொட்டியைத் தேடிப் பார்த்தார். தொட்டி இருந்தது. வேர் அழுகிவிட்டது. கேமெலியாவின் வேர் மேல்மண்ணிலேயே படர்கிற மெல்லிய வேர். காற்று இல்லாமல் தண்ணீரில் நின்றால் தாங்காது.

அதற்குப் பிறகு அவர் செடி வேண்டும் என்று கேட்கவில்லை. பெரியவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அந்த நிலத்தை வாங்கியது பெரியவர்தான். "நல்ல சமதளம் சார், மண்ணு நல்லா இருக்கு, ரெண்டடி தோண்டினா தண்ணி" என்று புரோக்கர் சொன்னதைக் கேட்டு, பி.எஃப். பணத்தைப் போட்டு வாங்கிய மனை. அந்த மனை ஏன் சமதளமாக இருக்கிறது, ஏன் ரெண்டடியில் தண்ணீர் வருகிறது என்று அன்றைக்கு அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். மறுபடியும் தெருவில் தண்ணீர். இந்தத் தடவை அவர்கள் ஒரு வாரம் முன்னாலேயே மகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். மகள் இருப்பது நீலகிரியில், கேத்தியில். ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவே மலை ரயில் நிற்கிற ஊர். அந்தக் கேத்திக்கும் இந்தச் செடிக் குடும்பத்துக்கும் பழைய உறவு உண்டு. 1830களில் அரசாங்கம் அங்கே வைத்திருந்த சோதனைப் பண்ணையில்தான் நீலகிரியின் முதல் தேயிலைச் செடிகள் சில நடப்பட்டன.

மகள் வீடு சரிவில் இருக்கிறது. வடக்கே மேடு, தெற்கே பள்ளம். இடத்தை மூன்று தட்டாக வெட்டியிருக்கிறார்கள். மேல் தட்டில் காய்கறி, நடுத் தட்டில் வீடு, கீழ்த் தட்டின் கடைசியில் காம்பவுண்டு சுவர்.

அந்த அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் ஆகி அதிகம் நடக்க முடியாத சமயம். மகள்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

"அம்மா, இங்க கேமெலியா நல்லா வரும்மா. ஒண்ணு வாங்கி வச்சிடலாம். கீழ் மூலையில வைக்கலாம்பா, நல்ல சமதளமா இருக்கு, மண்ணும் கருப்பா நல்லா இருக்கு, குழாயும் பக்கத்துலயே இருக்கு."

பெரியவர் சிரிக்கவில்லை. "அன்னிக்குப் புரோக்கரும் இதையேதான்மா சொன்னான்" என்றார்.

மகளுக்குப் புரியவில்லை. கீழ்த் தட்டில் வெள்ளம் எங்கே வரும்? மலையில் மழை பெய்தால் ஓடிவிடும், சுவரில் வடிகால் ஓட்டை எல்லாம் இருக்கிறது.

வெள்ளம் வராது. ஆனால் குளிர் வரும். இதைத்தான் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

நாம் மார்கழியில் பார்க்கிற பனி வேறு, நீலகிரியின் உறைபனி வேறு. நவம்பரில் இருந்து பிப்ரவரி வரைக்கும், மேகமே இல்லாத, காற்று அடிக்காத இரவுகளில், தரையின் சூடு நேராக வானத்துக்குப் போய்விடுகிறது. தரையை ஒட்டின காற்று குளிர்ந்து கனமாகிறது. கனமான காற்று என்ன செய்யும்? தண்ணீர் செய்வதையேதான் செய்யும். மேட்டில் இருந்து பள்ளத்தைப் பார்த்து மெதுவாக வழியும். வழியில் சுவரோ அடர்ந்த வேலியோ இருந்தால் அதன் பின்னால் ஏரி மாதிரி தேங்கி நிற்கும். விடியற்காலையில் அந்தக் குளிர் ஏரிக்குள் இருக்கிற செடிகள் மட்டும் வெள்ளையாக இருக்கும், பத்தடி மேலே இருக்கிறவை பச்சையாக இருக்கும். ஊட்டி பக்கம் தலைகுந்தா, அவலாஞ்சி மாதிரி இடங்கள் உறைபனிக்குப் பேர் போனதற்கு இதுவும் ஒரு காரணம். பள்ளத்துத் தேயிலை கருகுவதும் இதனால்தான். கருகினால் புதுத் துளிர் வர வாரக்கணக்காகும். அதுவரைக்கும் சிறு விவசாயிக்குப் பறிக்க இலை இல்லை, கையில் காசும் இல்லை.

தேங்கின தண்ணீரில் இரண்டு தடவை அடிபட்ட பெரியவருக்கு இது சொல்லாமலே புரிந்தது. இருந்தாலும் தன் கணிப்பை அவர் முழுசாக நம்பிவிடவில்லை. ஒரு தடவை நம்பித்தானே மனை வாங்கினார்? இந்தத் தடவை சோதனை செய்து பார்த்தார். செலவே இல்லாத சோதனை, தோட்டம் உள்ளவர்கள் யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

ஜனவரியில் வானம் தெளிவாக இருந்த ஒரு ராத்திரி, நாலு எவர்சில்வர் கிண்ணத்தில் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி நாலு இடத்தில் வைத்தார். கீழ் மூலையில் ஒன்று. மேல் தட்டின் நடுவில் ஒன்று. வீட்டின் கிழக்கே சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஒன்று. மேற்கே, ஒரு பெரிய சில்வர் ஓக் மரத்தின் கிளை விரிந்திருக்கிற இடத்தில் ஒன்று. காலையில் ஆறு மணிக்கு மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு டார்ச்சோடு போனார்.

கீழ்க் கிண்ணத்தைக் கவிழ்த்தால் பனிக்கட்டி தட்டு மாதிரி விழுந்தது. மேல் தட்டிலும் ஜன்னல் பக்கத்திலும் பால் ஆடை போல மெல்லிசாக உறைந்திருந்தது. சில்வர் ஓக் அடியில் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. தலைக்கு மேலே கிளை இருந்ததால் தரையின் சூடு முழுசாக வானத்துக்குப் போகவில்லை. வந்த குளிர்க்காற்றும் தேங்க இடமில்லாமல் வீட்டைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டது. ஒரு ராத்திரியில் முடிவு செய்யாமல் இன்னும் மூன்று ராத்திரி வைத்துப் பார்த்தார். வரிசை மாறவில்லை.

கீழ் மூலை அடிபட்டுப் போனது. மேல் தட்டில் காற்று அதிகம். பாக்கி இரண்டு இடம். இங்கேதான் உண்மையான சிக்கல்.

ஜன்னல் பக்கத்து இடம்தான் எல்லோர் மனதிலும் இருந்தது. நடக்க முடியாத அம்மா சமையலறையில் உட்கார்ந்தபடியே பூவைப் பார்க்கலாம். அதற்காகத்தானே செடியே? ஆனால் அது கிழக்கு. கேமெலியா பூப்பதோ குளிர்காலத்தில். ராத்திரி லேசாக உறைந்த மொட்டின் மேல் காலை வெயில் நேராக அடித்தால் இதழ் வேகமாக இளகித் திசுக்கள் கிழிந்துவிடும். மத்தியானத்துக்குள் பூ பழுப்பாகிவிடும். மெதுவாக இளகினால் தப்பிக்க வாய்ப்பு உண்டு. அதனால்தான் குளிர் நாடுகளில் கேமெலியாவுக்கு வடக்குச் சுவர் அல்லது மேற்குச் சுவர் என்று சொல்கிறார்கள்.

"குளிர் தாங்குற ரகம்னு வாங்கிட்டா இந்தப் பிரச்னை இல்லையே?" என்று கேட்கலாம். அப்படியும் ரகங்கள் வந்திருக்கின்றன. அமெரிக்காவில் வாஷிங்டன் நகரில் உள்ள தேசியத் தாவரப் பூங்காவில் 1970களின் கடைசியில் அடுத்தடுத்து வந்த கடுங்குளிரில் நூற்றுக்கணக்கான கேமெலியாக்கள் செத்துப் போயின. தப்பித்தவை சிலதான். அதில் ஒன்று கேமெலியா ஒலீஃபெரா என்ற வகை. சீனாவில் இதன் விதையில் இருந்து சமையல் எண்ணெய் எடுக்கிறார்கள். வில்லியம் ஆக்கர்மன் என்ற ஆராய்ச்சியாளர் அதை மற்ற வகைகளோடு கலந்து, மைனஸ் 20 டிகிரியையும் தாங்கக்கூடிய ரகங்களை உருவாக்கினார். அது பெரிய சாதனை. ஆனாலும் அந்த ரகங்களை நடுகிறவர்களுக்கும் சொல்லப்படுவது இதேதான்: காலை வெயில் படாத இடம், குளிர்க்காற்று நேராக அடிக்காத இடம், தண்ணீர் வடிகிற இடம். ரகம் பாதிதான், மீதி இடம்.

கேத்தியில் மைனஸ் 20 எல்லாம் கிடையாது. அங்கே செடி சாகாது, பூதான் கருகும். ஆனால் பூவுக்காகத்தான் இத்தனை பாடும்.

பெரியவருக்கு இதை மனைவியிடம் சொல்லத் தயக்கம். நாற்பது வருஷம் காத்திருந்தவளிடம், "செடி வரும், ஆனா நீ பார்க்கிற பக்கம் இல்ல" என்று எப்படிச் சொல்வது? மூன்று நாள் கழித்து, ஜன்னல் பக்கமே வைத்துவிட்டு ராத்திரியில் மூடிவைக்கலாமா என்று மகளிடம் ரகசியமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மா உள்ளே இருந்து குரல் கொடுத்தார்.

"என்னங்க, செடிய நல்ல இடத்துலயே வைங்க. அத நகத்த முடியாது. நாற்காலிய நகத்தலாம்."

அவ்வளவுதான். பிரச்னை தீர்ந்தது. மேற்குப் பக்கத்து அறையில் இருந்த பழைய மர பீரோவை எடுத்துவிட்டு, அங்கே ஜன்னல் ஓரத்தில் நாற்காலி போட்டார்கள்.

மேற்கிலும் ஒரு குறை உண்டு. ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவக்காற்று பலமாக அடிக்கும். அதற்கு ஒரு காவல் ஏற்கெனவே அங்கே இருந்தது. முன்பு இருந்தவர்கள் பறிக்காமல் விட்ட தேயிலைச் செடிகள் ஒரு வரிசை. கவாத்து செய்யாமல் விட்டால் தேயிலை இடுப்பளவில் நிற்காது, சின்ன மரமாகவே வளர்ந்துவிடும். அந்த வரிசையைப் பெரியவர் வெட்ட விடவில்லை. ஒரு கேமெலியாவுக்கு இன்னொரு கேமெலியா காவல்!

உறைபனி எல்லாம் முடிந்து, 2024 ஜூனில் முதல் மழை பெய்த பிறகு நட்டார்கள். குழியை ஆழமாகத் தோண்டவில்லை, அகலமாகத் தோண்டினார்கள். வேர்க்கட்டியின் மேல்பகுதி தரைமட்டத்துக்கு ஒரு விரல்கடை மேலேயே நின்றது. ஆழமாகப் புதைத்தால் தண்டு அழுகும். சில்வர் ஓக் வேரோடு சண்டை போடாதபடி அடிமரத்தில் இருந்து தள்ளி, கிளையின் ஓரத்து நிழலில் இடம். மேலே இலைமக்கும் காய்ந்த சருகும் போட்டு மூடினார்கள். முதல் குளிர்காலத்தில், தெளிவான ராத்திரிகளில் மட்டும் கோத்தகிரி மிலார் கிளைகளைச் சாய்த்து வைத்தார்கள். ஊட்டி தாவரவியல் பூங்காவில் பூச்செடிகளைப் பனியில் இருந்து காப்பாற்றுவது அந்த மிலாரை வைத்துத்தான்.

முதல் வருஷம் பூ இல்லை. இரண்டாம் வருஷம் ஏழு மொட்டு வந்தது. மூன்று உதிர்ந்தது. கார்த்திகையில் இரண்டு வாரம் தண்ணீர் ஊற்ற மறந்ததன் பலன்.

மிச்சம் நாலில் முதலாவது 2025 டிசம்பர் கடைசியில் விரிந்தது. கீழ் மூலையில் புல் எல்லாம் வெள்ளையாக இருந்த ஒரு காலை. மேற்கு ஜன்னலில் வெயில் வர இன்னும் நேரம் இருந்தது. அந்த அம்மா காபி டம்ளரோடு நாற்காலியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தார். பெரியவர் பின்னால் நின்றுகொண்டு, என்ன சொல்லப் போகிறாளோ என்று காத்திருந்தார்.

"சிம்ஸ் பார்க்ல இதவிடப் பெருசா இருக்கும்" என்றார்.

கொஞ்சம் கழித்து, "நாளைக்கும் இருக்குமில்ல?" என்றார்.

இருந்தது. அந்தப் பூ பழுப்பாகாமல் ஒரு வாரத்துக்கு மேல் நின்றது.

முடிச்சூர் வீடு இன்னும் இருக்கிறது. விற்கவில்லை. வீட்டையும் நகர்த்த முடியாதே. மழைக்காலத்துக்கு முன்னால் பெரியவர் வந்து, சாமான்களை எல்லாம் மாடிக்கு ஏற்றிவிட்டுப் போகிறார். கேமெலியாத் தொட்டி இருந்த இடத்தில் இப்போது ஒரு அடுக்கு நந்தியாவட்டை இருக்கிறது. பளபளப்பான இலை, அடுக்கடுக்காக வெள்ளைப் பூ. தூரத்தில் இருந்து பார்த்தால் கேமெலியாவின் ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லலாம், உறவு எதுவும் கிடையாது என்றாலும். தாம்பரத்து வெயிலும் தாங்குகிறது, போர்வெல் தண்ணீரும் தாங்குகிறது. ஊட்டியில் இருந்து பிளாஸ்டிக் பையில் செடி வாங்கி வருகிறவர்கள் அந்தக் காசுக்கு இன்னும் இரண்டு பாக்கெட் வர்க்கி வாங்கிக்கொண்டு, ஊருக்கு வந்து ஒரு நந்தியாவட்டை நடலாம்.

மலையில் தோட்டம் போடுகிறவர்கள், செடி வாங்கப் போவதற்கு முன்னால் நாலு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துப் பார்க்கலாம். சமவெளியில் மனை வாங்குகிறவர்கள் ஒரு மழைக்காலம் பொறுத்திருந்து, அந்த இடத்தில் தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று போய்ப் பார்க்கலாம். இரண்டும் ஒரே சோதனைதான்.